ரிப்போர்ட்டில் இரண்டு வரி

சர்க்கரை நோயாளி ஒருவராவது இருக்கும் வீட்டில் கிரியாட்டினின் என்ற சொல் தெரியாதவர் கிடையாது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் முதலில் அங்கேதான் போகும். பக்கத்தில் ஈஜிஎஃப்ஆர் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் வடிகட்டுகின்றன என்பதற்கான மதிப்பீடு அது. 90க்கு மேல் என்றால் கவலையில்லை. 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதம் அங்கேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 15க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பேச்சு வந்துவிடும்.

அமெரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த எண் பல ரிப்போர்ட்டுகளில் இரண்டாக வரும். ஒரே ஆள், ஒரே ரத்தம். ‘கறுப்பர் அல்லாதவர் என்றால் 18, கறுப்பர் என்றால் 21.’ எந்த வரியை எடுத்துக்கொள்வது என்பதை, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் தோலைப் பார்த்தோ, அவர் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார் என்று பார்த்தோ முடிவு செய்தார்கள்.

மூன்று எண் வித்தியாசம்தானே என்று விட முடியாது. இறந்தவர்கள் தானம் செய்யும் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் கணக்கு அந்த நாட்டில் ஓட ஆரம்பிக்க வேண்டுமென்றால் இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். 18 என்று வந்த வெள்ளையருக்குக் கணக்கு இன்றைக்கே தொடங்கிவிடும். ரத்தத்தில் அதே அளவு உள்ள கறுப்பருக்கு, ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அடுத்த தடவை பார்க்கலாம்’ என்ற பதில். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பர்கள் சுமார் 13 சதவீதம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களிலோ ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பர். யாருக்கு அந்த வரிசை அதிகம் தேவையோ அவர்களைத்தான் இந்தக் கணக்கு வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

இனவெறி என்றதும் வசைச் சொல்லும் அடிதடியும், 2020 மே மாதம் மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை அழுத்திய போலீஸ்காரரின் முழங்காலும் நினைவுக்கு வரும். அவை கண்ணுக்குத் தெரிகிற கொடுமைகள், கண்டிப்பதும் எளிது. அந்த ரிப்போர்ட்டின் இரண்டு வரியில் யாரும் யாரையும் திட்டவில்லை. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். இனவெறி எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிக் கழற்றுவது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தோதான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கெட்டவன் என்று கைநீட்ட ஆள் இல்லாதபோதுதான் அதன் எந்திரம் முழுசாகத் தெரிகிறது.

எங்கிருந்து வந்தது அந்தப் பெருக்கல்

சிறுநீரகத்தின் வேகத்தை நேரடியாக அளப்பது பெரிய வேலை. ஒரு பொருளை ஊசியில் ஏற்றி, அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று மணிக்கணக்கில் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் கிரியாட்டினின் என்ற குறுக்குவழி. தசையில் உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் வெளியே போய்விடும். மந்தமானால் ரத்தத்தில் தேங்கும். தேங்கியிருக்கும் அளவோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் ஒரு சமன்பாட்டில் போட்டால் மதிப்பீடு கிடைக்கும்.

1999ல் ஆண்ட்ரூ லீவி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அப்படி ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். 1,628 சிறுநீரக நோயாளிகளை அளந்து எடுத்த கணக்கு. அவர்களில் கறுப்பர்கள் 197 பேர். ரத்தத்தில் கிரியாட்டினின் ஒரே அளவாக இருந்தாலும், நேராக அளந்து பார்த்தபோது இந்த 197 பேருக்குச் சராசரியாகச் சிறுநீரக வேகம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஏன்? கறுப்பர்களுக்குச் சராசரியாகத் தசை அதிகம் என்று பழைய ஆய்வுகள் சிலவற்றைக் காட்டி விளக்கம் சொன்னார்கள். பரவலாகப் புழங்கிய வடிவத்தில் கறுப்பர் என்றால் விடையை 1.21ஆல் பெருக்கு என்று சேர்ந்துவிட்டது. 2009ல் சமன்பாட்டைத் திருத்தியபோது அது 1.159 ஆனது. மேலே சொன்ன 18ஐ அந்த எண்ணால் பெருக்கிப் பாருங்கள், 21 வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காரணம் தசைதான் என்றால் தசையை அளந்திருக்கலாம். உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடக்கும் வெள்ளைக்கார வாலிபனுக்கு இந்தக் கூடுதல் கிடையாது. எலும்பும் தோலுமாக இருக்கும் 80 வயதுக் கறுப்பினப் பாட்டிக்கு உண்டு. தசை என்று ஆரம்பித்த பேச்சு ஒரே எட்டில் இனத்துக்குத் தாவிவிட்டது. அந்தத் தாவலை ஏறக்குறைய இருபது ஆண்டு பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. கவனித்துக் கேட்ட சிலர் பேச்சு எடுபடவில்லை.

கறுப்பர் என்பது யார் என்பதும் சிக்கல்தான். பராக் ஒபாமாவின் தந்தை கென்யர். தாய் கான்சஸ் மாநிலத்தில் பிறந்த வெள்ளையர். அவருக்கு எந்த வரி? நேற்று நைஜீரியாவிலிருந்து வந்து இறங்கிய பொறியாளரும், பத்துத் தலைமுறையாக அலபாமாவில் இருக்கும் குடும்பத்துப் பெண்ணும், வெள்ளைத் தந்தைக்குப் பிறந்தவரும் ஒரே கட்டத்தில் டிக் அடிப்பார்கள். அவர்களின் உடம்புக்குப் பொதுவாக என்ன இருக்கிறது? மரபணு ஆராய்ச்சியில் ரிச்சர்ட் லூவான்டின் 1972லேயே காட்டியது இது: மனிதர்களுக்கு இடையிலுள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நாம் இனம் என்று பிரித்து வைத்திருக்கும் கூட்டங்களுக்கு நடுவே இருப்பது மிகக் கொஞ்சம்.

‘அப்படியென்றால் ஊருக்கு ஊர் உடம்பு வித்தியாசமே இல்லையா?’ என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. இருக்கிறது. சாப்பாடு, உடல்வாகு, உழைப்பு எல்லாம் கிரியாட்டினினை மாற்றும். ஜப்பானியர்கள் தங்கள் ஊரில், தங்கள் ஆட்களை அளந்து 2009ல் தங்களுக்கென்று ஒரு சமன்பாடு செய்துகொண்டார்கள். ஓர் ஊரில் அளந்து அந்த ஊருக்கு எழுதுவது வேறு. ஒரே ஊரில், ஒரே ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை நிறம் பார்த்துப் பிரிப்பது வேறு. இரண்டாவதில் வெள்ளையர் உடம்பு ‘சாதாரணம்’. மற்றது திருத்தம் வேண்டிய உடம்பு.

பழைய சரக்கு

இந்தத் திருத்தும் பழக்கம் 1999ல் பிறந்ததல்ல. அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்றொரு மருத்துவர் இருந்தார். அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று சொல்லி 1851ல் அதற்குப் பெயரும் வைத்தவர். அந்த நோய் வராமலிருக்க அவர் சொன்ன வழிகளில் ஒன்று சாட்டையடி. அவரே நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் கருவியையும் வைத்துக்கொண்டு, கறுப்பர்களின் நுரையீரல் வெள்ளையரைவிட சுமார் 20 சதவீதம் குறைவு என்று எழுதினார். கடும் உழைப்புத்தான் அவர்கள் ரத்தத்தைச் சுறுசுறுப்பாக்கும் என்பது அதிலிருந்து அவர் எடுத்த முடிவு. தோட்ட முதலாளிகளுக்கு வேறென்ன வேண்டும்?

கார்ட்ரைட்டின் மனநோய்க் கதையைப் பிறகு எல்லோரும் சிரித்து ஒதுக்கிவிட்டார்கள். நுரையீரல் கதை மட்டும் தங்கிவிட்டது. ஸ்பைரோமீட்டர் என்ற ஊதும் கருவியில் நம் காலம்வரை கறுப்பர் என்று தேர்ந்தெடுத்தால் ‘சாதாரண அளவு’ 10 முதல் 15 சதவீதம் கீழே இறங்கும். ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம். அமெரிக்க மருத்துவமனையில் ஊதிக்காட்டும் தமிழரும் அந்தக் கட்டத்தில்தான் விழுவார். சாதாரணம் என்ற கோட்டையே தாழ்த்திவிட்டால் கெட்ட நுரையீரலும் நல்ல நுரையீரலாகத் தெரியும். புகையிலும் தூசியிலும் வேலை பார்த்ததால், நெரிசலான வீட்டில் வளர்ந்ததால் குறைந்த மூச்சை, பிறவியிலேயே அப்படித்தான் என்று எழுதி முடித்துவிடலாம். 1999ல் பால்டிமோரில் கல்நார்த் தூசியால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் வழக்கில், கறுப்பினத் தொழிலாளர் நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால் வெள்ளையரைவிட மோசமான நுரையீரல் அளவு காட்ட வேண்டும் என்று ஒரு பெரிய நிறுவனம் வாதாடியது. கையில் இருந்த ஆயுதம் இந்தத் திருத்தம்தான். அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் இனத்தை விட்டுவிட்டுக் கணக்கிடச் சொன்னது 2023ல்.

இதைவிட அப்பட்டமானது ஃபுட்பால் கதை. தலையோடு தலை மோதி விளையாடும் அமெரிக்க ஃபுட்பாலில் வயதான காலத்தில் மறதி நோய் வந்தவர்களுக்கு இழப்பீடு தர லீக் நிர்வாகம் 2013ல் ஒப்புக்கொண்டது. புத்தி எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று காட்டினால் பணம். மழுங்குவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டுமே? அதற்கு வைத்த அட்டவணையில் கறுப்பின ஆட்டக்காரரின் ஆரம்ப நிலையே குறைவு என்று அனுமானம். ஆரம்பமே குறைவு என்றால் இழந்ததும் குறைவு, பணம் கிடையாது. கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020ல் வழக்குப் போட்டார்கள். வீரர்களின் மனைவிமாரும் களத்தில் இறங்கினார்கள். 2021 மே மாதம் பிலடெல்பியா நீதிமன்றத்தில் சுமார் 50,000 பேரின் கையெழுத்து மனுக்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஜூன் மாதம் அந்த அட்டவணையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது.

பிரசவ வார்டிலும் இது இருந்தது. முதல் பிரசவம் சிசேரியன் ஆனவருக்கு அடுத்தது சுகப் பிரசவம் ஆகுமா என்று கணிக்க 2007 முதல் ஒரு கணக்கி இருந்தது. கறுப்பர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளி என்று குறித்தால் வாய்ப்பு விழுக்காடு குறையும். டாக்டரின் கை கத்தியை நோக்கிப் போகும். மூல ஆய்வில், திருமணமானவரா, எந்த வகை காப்பீடு வைத்திருக்கிறார் என்பவையும் சுகப் பிரசவத்தோடு தொடர்பு காட்டின. அவை கணக்கியில் ஏறவில்லை. இனம் ஏறியது. எதை உடம்பின் குணமாக எடுத்துக்கொள்வது, எதை வாழ்க்கைச் சூழல் என்று ஒதுக்குவது என்பதை யாரோ சிலர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இனவெறி ஒளிந்திருப்பது அந்தத் தேர்வில். தர்ஷாலி வியாஸ் என்ற ஹார்வர்டு மருத்துவ மாணவி உள்ளிட்ட குழு 2019ல் இதை எழுதிக் காட்டியது. 2021ல் இனம் நீக்கிய புதிய கணக்கி வந்தது.

கேட்டவர்கள்

சிறுநீரகக் கணக்கை முதலில் உலுக்கியவர்களில் மருத்துவ மாணவர்கள் முக்கியமானவர்கள். வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் பெருக்கலை எழுதும்போது, ‘சார், இது ஏன்?’ என்று கேட்டவர்கள். விடை திருப்தியாக இல்லாதபோது கூடிப் பேசி, ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டி, நிர்வாகத்துக்கு எழுதினார்கள். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2017ல் இரண்டாவது வரியை எடுத்துவிட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2020ல் எடுத்தது. நடுவில் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையும்.

அந்த மருத்துவமனையில் பணியாற்றிய வனெசா கிரப்ஸ் கறுப்பினப் பெண், சிறுநீரக மருத்துவர். பொது மருத்துவராக இருந்த காலத்தில் தன் காதலருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவர். வரிசையில் கறுப்பர்கள் எப்படிப் பின்னுக்குப் போகிறார்கள் என்பதை அப்போது பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் இந்தத் துறைக்கே படிக்கப் போனார். துறைக்குள் வந்து பார்த்தால் பாடப் புத்தகத்திலேயே அந்தப் பெருக்கல். பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாகப் பேசிப் பார்த்தார். சட்டப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ் வெளியிலிருந்து இதையே எழுதியும் மேடையில் பேசியும் வந்தார். ‘அறிவியலில் அரசியலைக் கலக்காதே’ என்ற பதில்தான் இப்படிப்பட்டவர்களுக்கு அதிகம் கிடைத்தது. இனத்தை உள்ளே கொண்டுவந்து கலந்தது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

எதிர்த்தவர்கள் எல்லாம் இனவெறியர்கள் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர்கள் எழுப்பிய சந்தேகங்களில் சில உண்மையானவை. பெருக்கலை அப்படியே தூக்கிவிட்டால் கறுப்பினத்தவர் பலருக்குத் திடீரென்று எண் குறையும். மருந்தின் அளவைக் குறைப்பார்கள். புற்றுநோய் மருந்து சிலருக்கு மறுக்கப்படலாம். உறவினருக்குச் சிறுநீரகம் தர முன்வரும் ஆரோக்கியமான கறுப்பரைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பலாம். அதனால் 2020ல் அந்நாட்டின் இரண்டு பெரிய சிறுநீரக அமைப்புகள் கூட்டாக ஒரு குழு அமைத்தன. அது 26 மாற்று வழிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தது. 2021 செப்டம்பரில் முடிவு வந்தது. பெருக்கலை மட்டும் வெட்டி எடுக்காமல், இனத்தைச் சேர்க்காமலேயே தரவுகளிலிருந்து புதிதாக ஒரு சமன்பாடு செய்தார்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தையும் சேர்த்து அளக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட் இப்போது ஒரு வரியில் வருகிறது. ‘2021 சமன்பாடு’ என்று அடியில் குறித்திருந்தால் இதுதான்.

பெரும்பாலான சீர்திருத்தக் கதைகள் இங்கே முடிந்துவிடும். ‘இனிமேல் சரியாக நடக்கும்.’ இதுவரை போனது போனதுதான். இந்தக் கதையில் அடுத்து நடந்ததைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

உறுப்பு தானத்தை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு 2022ல் இனத்தைச் சேர்த்த கணக்கைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் அடுத்த உத்தரவு. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டி எடுக்க வேண்டும். பெருக்கல் இல்லாமல் பார்த்தால் இவர் எந்தத் தேதியில் 20ஐத் தொட்டிருப்பார் என்று கண்டுபிடிக்க வேண்டும். காத்திருப்புக் கணக்கை அந்தத் தேதியிலிருந்து மாற்றி எழுத வேண்டும். இதற்கு ஒரு வருடம் கெடு. நம் ஊர் அரசு ஊழியர்களுக்கு இது உடனே புரியும்: அநியாயமாக நிறுத்திய பதவி உயர்வை முன்தேதியிட்டுக் கொடுத்து, அரியர்ஸையும் சேர்த்துத் தருவது. 2024 தொடக்கத்துக்குள் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தேதி மாறியது. சராசரியாக ஒருவருக்குச் சுமார் 2 ஆண்டு திரும்பக் கிடைத்தது. பட்டியலில் சேர்வதற்கு முன்பே இறந்துபோனவர்களின் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை.

மன்னிப்புக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தால் செலவு மிச்சம். அதற்குப் பதில் பழைய ஃபைல்களைத் தூசி தட்டி, ஆள் ஆளாக, தேதி தேதியாகக் கணக்குப் பார்த்தார்கள். இனவெறிக்கு எதிரான செயல் எது, வெறும் பேச்சு எது என்று தரம் பிரிக்க என்னிடம் இருக்கும் உரைகல் இது.

கட்டத்தை அழித்தால் போதுமா

அப்படியானால் எங்கெல்லாம் இனம் என்ற கட்டம் இருக்கிறதோ அதையெல்லாம் அழித்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

ஜியாட் ஓபர்மேயர் என்ற மருத்துவரும், தமிழ் வேர் கொண்ட பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மற்ற இருவரும் 2019ல் ஒரு மென்பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று மருத்துவமனைகளுக்கு மதிப்பெண் போட்டுச் சொல்லும் மென்பொருள் அது. அதில் இனம் என்ற கட்டமே கிடையாது. ஆனாலும் ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரில் கறுப்பினத்தவர் நிஜத்தில் அதிக நோயாளியாக இருந்தார். காரணத்தைத் தேடிப் போனால், மென்பொருள் நோயைக் கணிக்கவில்லை, செலவைக் கணித்திருந்தது. யாருக்கு நிறையச் செலவாகுமோ அவர்தான் அதிக நோயாளி என்று அதன் பாடம். ஒரே அளவு நோய் இருந்தும் கறுப்பினத்தவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,800 டாலர் குறைவாகவே செலவாகியிருந்தது. லீவு போட முடியாது, ஆஸ்பத்திரி தூரம், டாக்டர் மேல் நம்பிக்கை இல்லை, போனாலும் பரிசோதனை எழுதித் தருவதில்லை. கவனிக்கப்படாதவர் செலவு வைக்காதவர்; செலவு வைக்காதவர் ஆரோக்கியமானவர். சரியாகக் கணக்கிட்டிருந்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்ந்திருப்பார்கள். நிரல் எழுதியவரின் மனதில் வெறுப்பு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இப்படிப்பட்ட மென்பொருள் எழுதும் வேலையில்தான் இருக்கிறார்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இன்னோர் உதாரணம். கோவிட் காலத்தில் 94 என்ற எண்ணை நம் ஊரில் பாட்டிகள்கூடச் சொன்னார்கள். அந்தக் கருவி விரல் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் நிறத்தைப் படிக்கிறது. தோலின் கறுமையும் ஒளியை உறிஞ்சும். ஏமி மோரன்-தாமஸ் என்ற மானுடவியலாளர், கணவருக்குக் கோவிட் வந்தபோது வாங்கிய ஆக்ஸிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத் துருவ ஆரம்பித்தார். கருத்த தோலில் கருவி பிசகுகிறது என்ற ஆய்வுகள் 1990 முதலே இருந்ததைக் கண்டு 2020ல் எழுதினார். அதைப் படித்த மிச்சிகன் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவுகளைச் சரிபார்த்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது நிஜ அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். இங்கே பிரச்சினை மெலனின். கடவுச்சீட்டில் எந்த நாடு என்று அது பார்ப்பதில்லை. கருத்த விரல் எந்த ஊரில் இருந்தாலும், எண் நன்றாக இருந்து மூச்சு மட்டும் வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். கருவிக்கு அனுமதி தர அமெரிக்காவில் குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும், அவர்களில் இரண்டு பேராவது கருத்த தோலுடையவராக இருந்தால் போதும் என்று வழிகாட்டுதல் இருந்தது. 2025 ஜனவரியில் வந்த வரைவு 150 பேர் வேண்டும் என்றது. முப்பது வருடமாக ஆய்வு அலமாரியில் கிடந்தும் அந்த 10, 150 ஆகவில்லை.

வாசகர் என்ன செய்யலாம்

முதல் வேலை, கணக்கைக் கேட்பது. கடன் மறுக்கப்பட்டாலும், வேலைக்குத் தேர்வாகாவிட்டாலும், வீடு வாடகைக்குக் கிடைக்காவிட்டாலும், எந்த அளவுகோலில், எந்த எண்ணில் நான் விழுந்தேன் என்று எழுத்தில் கேட்க வேண்டும். இனவெறி வாய்மொழியில் வாழும். எழுதித் தரச் சொன்னால் திணறும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ‘ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் எதற்கு வம்பு’ என்று இந்த இடத்தில்தான் அடங்கிப்போகிறார்கள். வம்பு வேண்டாம், காகிதம் போதும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் யார் என்று அன்றைக்கே எழுதி வைப்பது வீண்போகாது.

தனி ஒருவருக்கு நடந்தால் ‘உனக்கு அப்படித் தோன்றியிருக்கும்’ என்று வாயை அடைத்துவிடுவார்கள். இரண்டு பேருக்கு நடந்ததைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அடைக்க முடியாது. இதே முல்லைநாதன், மரியான் பெர்ட்ரான்டோடு சேர்ந்து 2004ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல முன்மாதிரி. பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் போட்டார்கள். தகுதிகள் ஒத்தவை, பெயர் மட்டும் சிலவற்றில் வெள்ளையர் பெயர், சிலவற்றில் கறுப்பர் பெயர். எமிலி என்பது போன்ற பெயருக்கு 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லகீஷா என்பது போன்ற பெயருக்கு 15 போட வேண்டியிருந்தது. எந்த முதலாளியின் மனதையும் திறந்து பார்க்காமலே விஷயம் வெளியே வந்தது. வாடகை வீட்டுக்கும் இந்த முறை பொருந்தும். ஒரே சம்பளம், ஒரே குடும்ப அளவுள்ள இரண்டு பேரை அடுத்தடுத்து அனுப்பிப் பார்ப்பது அமெரிக்காவில் நீதிமன்றமே ஏற்கும் சாட்சியம்.

அடுத்தவரின் கெட்ட எண்ணத்தை நிரூபிக்கக் கிளம்பினால் காலம் போய்விடும். ‘நான் இனவெறியனா?’ என்று அவர் நெஞ்சில் அடித்துக்கொள்வார்; பேச்சு அவரைப் பற்றியதாக மாறிவிடும். ‘நீங்கள் நல்லவராகவே இருங்கள், இந்தப் பெருக்கல் ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்பது நறுக்கென்று வேலை செய்யும். ஃபுட்பால் வீரர்களின் மனைவிமார் யாருடைய மனதையும் மாற்றவில்லை, அட்டவணையை மாற்றினார்கள்.

நீங்களே மேசையின் மறுபக்கத்தில் இருக்கலாம். மருத்துவராக, நர்ஸாக, ஹெச்ஆராக, நிரல் எழுதுபவராக. அப்போது பார்க்க வேண்டியது, கணக்கில் எதை எதற்குப் பதிலாக வைத்திருக்கிறோம் என்பதை. தசைக்குப் பதில் இனம், நோய்க்குப் பதில் செலவு. திறமைக்குப் பதில் படித்த கல்லூரி, நம்பகத்துக்குப் பதில் பின்கோடு என்று பட்டியல் நீளும். பிசகு தெரிந்தால் இனி சரி செய்கிறோம் என்பதோடு விடாமல், இதுவரை விழுந்தவர்களின் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் எல்லோரும் முகம் சுளிப்பது அந்தக் கோரிக்கைக்குத்தான். வேலையும் செலவும் அதில்தான் இருக்கிறது.